சுவிஸில் எட்டு நாள், ஆறு பேர்: டிராவல் பாஸா, பாதிக் கட்டண அட்டையா?

(கேள்வி பதில் உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் தேதி, எழுதியவரின் புனைபெயர்.)

2 மார்ச் 2025, வைகைக்கரை

ஜூலை இரண்டாம் வாரம் எட்டு நாள் சுவிட்சர்லாந்து. நானும் மனைவியும், மகளுக்கு 13, மகனுக்கு 8, கூடவே அக்கா மகன் 11 வயது, அம்மாவுக்கு 66. சூரிக்கில் இறங்கி லூசெர்னில் மூன்று இரவு, லாட்டர்புருன்னனில் நான்கு இரவு, எட்டாம் நாள் திரும்ப சூரிக் விமான நிலையம். ரீகி, பிலாட்டுஸ், யுங்ஃபிராவ்யோக், கிரிண்டல்வால்ட் ஃபர்ஸ்ட், மூரன் கிராமம் இவ்வளவும் பார்க்கணும். எல்லாருக்கும் எட்டு நாள் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கிவிட்டால் அதற்குமேல் யோசிக்கவே வேண்டாம் என்று கேட்ட இடமெல்லாம் சொல்கிறார்கள். அப்படித்தானா?

2 மார்ச், இரவு, தண்டவாளம்

உங்கள் திட்டத்துக்கு அப்படி இல்லை. பாஸிலிருந்து தொடங்காமல் மலையிலிருந்து தொடங்குங்கள். எந்தெந்த மலை, எத்தனை நீண்ட ரயில் பயணம் என்று எழுதி வைத்துக்கொண்டால் எந்த அட்டை என்பது தானாக வந்துவிடும்.

டிராவல் பாஸ் சமவெளிக்கான பாஸ். ரயில், மஞ்சள் போஸ்ட் பஸ், ஏரிக் கப்பல், ஊருக்குள் ஓடும் டிராம், பஸ் எல்லாம் அடக்கம். 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களும் உண்டு. மலை என்று வந்தால் ரீகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டோஸ் மூன்றும் முழு இலவசம். பிலாட்டுஸ், டிட்லிஸ், ஃபர்ஸ்ட், கோர்னர்கிராட் போன்றவற்றில் பாதி விலை. யுங்ஃபிராவ்யோக்கில் மட்டும் கதை வேறு. வெங்கன் வரை, அல்லது கிரிண்டல்வால்ட் வரை இலவசம். அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடிதான்.

சுவிஸ் ஹாஃப் ஃபேர் கார்டு, அதாவது பாதிக் கட்டண அட்டை, எதையும் இலவசமாகத் தராது. ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றையும் பாதி ஆக்கும். யுங்ஃபிராவ்யோக்கும் அதில் சேரும். ஒரு மாதம் செல்லும், 2025 விலை 150 பிராங்க். அதே ஆண்டில் எட்டு நாள் டிராவல் பாஸ் இரண்டாம் வகுப்பு 419 பிராங்க்.

நாட்டிலேயே விலை கூடிய மலை ரயிலில் டிராவல் பாஸுக்குத் தள்ளுபடி 25 சதவீதம், பாதிக் கட்டண அட்டைக்கு 50. உங்கள் கணக்கு இந்த இடத்தில்தான் சாயப்போகிறது. எண்களை நாளை போடுகிறேன்.

3 மார்ச், தண்டவாளம்

ஒரு பெரியவருக்கு, இரண்டாம் வகுப்பு, தள்ளுபடி இல்லாத விலை. கணக்கு எளிதாக இருக்க முழு எண்ணாக்கியிருக்கிறேன். யுங்ஃபிராவ்யோக் விலை பருவத்துக்கு ஏற்ப மாறும், இங்கே போட்டிருப்பது கோடை உச்ச விலையை ஒட்டியது.

சூரிக் விமான நிலையம் – லூசெர்ன்: 30
லூசெர்ன் – லாட்டர்புருன்னன்: 40
லாட்டர்புருன்னன் – சூரிக் விமான நிலையம்: 85
ரீகி, கப்பல் உட்பட: 120
பிலாட்டுஸ் சுற்று, கப்பல், பல்சக்கர ரயில், கேபிள் கார், பஸ் சேர்த்து: 115
லாட்டர்புருன்னன் – மூரன் போக வர: 25
யுங்ஃபிராவ்யோக் போக வர: 230
கிரிண்டல்வால்ட் போக வர 22, ஃபர்ஸ்ட் கோண்டோலா 72

மொத்தம் 739.

பாதிக் கட்டண அட்டையோடு: 370, அட்டை 150, ஆக 520.

டிராவல் பாஸோடு: பாஸ் 419. பிலாட்டுஸில் மலைப் பகுதிக்கு மட்டும் பாதி, சுமார் 39. யுங்ஃபிராவ்யோக்கில் வெங்கனுக்கு மேலே 25 சதவீதம் போக 160. ஃபர்ஸ்ட் 36. ஆக 654.

ஆளுக்கு 134 பிராங்க் வித்தியாசம், இரண்டு பேருக்கு 268. யுங்ஃபிராவ்யோக்கை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் பாதிக் கட்டண அட்டை 405, டிராவல் பாஸ் 494. ஒரே இடத்தில் மூன்று நான்கு இரவு தங்கி மலை ஏறி இறங்கும் விடுமுறைக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

3 மார்ச், மாலை, தண்டவாளம்

குழந்தைகளைக் காலையில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. உங்கள் சொந்தப் பிள்ளைகள் இருவருக்கும் செலவு ஏறக்குறைய இல்லை. 6 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு சுவிஸ் ஃபேமிலி கார்டு இலவசம். அம்மா அப்பாவில் ஒருவரிடமாவது டிராவல் பாஸோ பாதிக் கட்டண அட்டையோ இருந்தால் போதும், கூடவே வரும் பிள்ளைக்கு ரயில், பஸ், கப்பல் எதற்கும் டிக்கெட் வேண்டாம். 6 வயதுக்குக் கீழே என்றால் அந்த அட்டைகூட வேண்டாம்.

இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, ஃபேமிலி கார்டைப் பெரியவர்களின் அட்டையை வாங்கும்போதே பிள்ளைகளின் பெயரோடு கேட்டு வாங்கிவிட வேண்டும். விலை பூஜ்யம் என்பதால் இணையத்தில் வாங்குகிறவர்கள் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமலே தாண்டிப் போகிறார்கள். இரண்டு, அது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் மட்டும். அக்கா மகன் அதில் வரமாட்டான். தாத்தா பாட்டியோடு மட்டும் வரும் பேரப்பிள்ளைக்கும் இதே நிலைதான்.

மலை ரயில்கள் தனித்தனி நிறுவனங்கள். பெரும்பாலானவை ஃபேமிலி கார்டை ஏற்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு மலையின் விலைப்பட்டியலிலும் குழந்தைகளுக்கான வரியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக யுங்ஃபிராவ்யோக்.

4 மார்ச், வைகைக்கரை

அக்கா மகனுக்கு அப்போது என்ன செய்வது? அம்மா மூரனுக்கும் ரீகிக்கும் வருவார், உயரமான இடம் வேண்டாம் என்கிறார். மூத்த குடிமக்கள் சலுகை ஏதாவது இருக்கிறதா?

4 மார்ச், தண்டவாளம்

டிராவல் பாஸிலும் பாதிக் கட்டண அட்டையிலும் மூத்தோர் சலுகை கிடையாது. 16 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு டிராவல் பாஸில் இளையோர் விலை உண்டு. அது உங்கள் குடும்பத்தில் யாருக்கும் பொருந்தாது.

ஆறு பேரும் ஒரே பாஸ் வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அம்மாவைத் தனியாகக் கணக்குப் பாருங்கள். மூன்று நீண்ட பயணம் 155, ரீகி 120, மூரன் 25, கிரிண்டல்வால்ட் ஊர் வரை 22. மொத்தம் 322. பாதிக் கட்டண அட்டை எடுத்தால் 161 + 150 = 311. மிச்சம் 11 பிராங்க்தான்.

நினைவில் வைக்க ஓர் எளிய அளவு: தள்ளுபடி இல்லாத டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகை ஒருவருக்கு 300 பிராங்கைத் தாண்டினால் அந்த அட்டை லாபம், தாண்டாவிட்டால் நஷ்டம். அம்மா சரியாகக் கோட்டின்மேல் நிற்கிறார். பிலாட்டுஸுக்கும் வருவார் என்றால் யோசிக்காமல் எடுங்கள். அவர் தயங்குவது 3,000 மீட்டருக்கு மேலே என்றால் பிலாட்டுஸ் பிரச்சினை இல்லை, 2,100 மீட்டரை ஒட்டித்தான் வரும்.

அக்கா மகனுக்கு 11 வயது என்பதால் எந்த அட்டையும் இல்லாமலே குழந்தைக் கட்டணம், அதாவது பாதி விலை. அவனுக்குப் பாதிக் கட்டண அட்டை வாங்கிவிடாதீர்கள். பாதியில் பாதி ஆகாது, 150 பிராங்க் வீண். அவனுக்கு இன்னொரு வழி இருக்கிறது, இங்கே சுவிஸில் வசிக்கிறவர்கள் யாராவது இருந்தால் அதைச் சரியாகச் சொல்வார்கள்.

5 மார்ச், ஆரேக்கரை (பேர்ன்)

அண்ணை, அந்த வழியை நான் சொல்லுறன். பிள்ளைகளுக்கான உடன்பயண அட்டை எண்டு ஒண்டு இருக்குது. தாய் தகப்பன் இல்லாமல் மாமா, சித்தி, அம்மம்மா எண்டு வேற ஆரோடயாவது வாற 6 முதல் 15 வயசுப் பிள்ளைக்கு. வருசத்துக்கு 30 பிராங்க். கூட்டிக்கொண்டு போற பெரியவரின்ர பெயரும் அதில பதிவாகும். அந்தப் பெரியவரிட்டச் செல்லுபடியாகிற டிக்கெட் இருந்தால் பிள்ளைக்கு டிக்கெட் தேவையில்லை. சூரிக் விமான நிலையத்துக்குக் கீழேயே எஸ்பிபி, அதுதான் சுவிஸ் அரசு ரயில்வே, கவுண்டர் இருக்குது. மருமகனின்ர கடவுச்சீட்டையும் ஒரு படத்தையும் கொண்டு போங்கோ. முதல் ரயில் ஏற முன்னமே எடுத்துப்போடுங்கோ. மலை ரயிலில எது இதை ஏற்கும் எண்டு அங்கையே கேட்டு எழுதி வாங்குங்கோ.

இன்னொரு விசயம். இங்க சொந்தக்காரர் வீட்டில நிக்கிற ஆக்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளுறது: நாங்கள் வச்சிருக்கிற ஹல்ப்டாக்ஸ் எண்ட பாதிக் கட்டண வருச அட்டை, நீங்கள் எடுக்கிறது வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஒரு மாத அட்டை. இங்க வதியிற ஆக்கள் டிராவல் பாஸ் வாங்க ஏலாது. இங்க இருக்கிற மைத்துனர் ஆரும் உங்களோட கூட வந்தால் அவருக்கும் எட்டு நாள் பாஸ் ஒண்டு சேர்த்து எடுத்துவிடாதேங்கோ.

5 மார்ச், தண்டவாளம்

நன்றி. கவுண்டரில் எழுதி வாங்கச் சொன்னது மிக முக்கியம்.

அவனுக்கு 30 பிராங்க் எதற்கு எதிராக நிற்கிறது என்றால், பாதி விலையில் தனித்தனி டிக்கெட் 370 பிராங்க் வரை போகும். எட்டு நாள் டிராவல் பாஸின் குழந்தை விலை 209.50. ஒன்றிரண்டு மலையில் அந்த அட்டையை ஏற்காமல் பாதி விலை கொடுக்க நேர்ந்தாலும் சேமிப்பு பெரியது. ஆனால் அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவரோடுதான் அவன் போக வேண்டும். நீங்கள் யுங்ஃபிராவ்யோக்குக்கும், மனைவி பிள்ளைகளோடு வேறு பக்கமும் பிரிந்து போகும் நாள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துப் பெயரைத் தீர்மானியுங்கள்.

6 மார்ச், வைகைக்கரை

சேவர் டே பாஸ் என்று ஒரு நாள் பாஸ் ஒன்று 52 பிராங்குக்குப் பார்த்தேன். எட்டு நாளுக்கும் அதையே வாங்கினால்?

6 மார்ச், தண்டவாளம்

52 என்பது தொடக்க விலை. பாதிக் கட்டண அட்டை இருந்தால் 29இலிருந்து. ஆறு மாதத்துக்கு முன்பே விற்பனை தொடங்கும், நாள் நெருங்க நெருங்க ஏறும், வாங்கினால் பணம் திரும்பாது. அது அந்த ஒரு நாளுக்கு மட்டும்.

உங்கள் திட்டத்தில் அதற்கு ஒரே ஓர் இடம் இருக்கிறது, எட்டாம் நாள். லாட்டர்புருன்னன் – சூரிக் விமான நிலையம் பாதி விலையில் 42.50. 29க்குக் கிடைத்தால் வாங்குங்கள். வழியில் பேர்னில் இறங்கிப் பழைய நகரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரயில் பிடிக்கலாம், ஊர் டிராமும் அடக்கம். விமானம் உள்ள நாள் எப்படியும் மாறாது, அதனால் பணம் திரும்பாது என்பது அன்றைக்கு ஒரு குறை இல்லை. மலை நாட்களுக்கு முன்கூட்டியே எதையும் வாங்க வேண்டாம். ஏன் என்று வானிலை பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

சூப்பர்சேவர் டிக்கெட் இன்னும் மலிவாகத் தெரியும். அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும். விமானத்திலிருந்து இறங்கும் நாளில், மூன்று பிள்ளைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு, 10:10 ரயிலுக்கு என்று வாங்கி வைக்காதீர்கள்.

9 மார்ச், தண்டவாளம்

வட்டாரப் பாஸ்கள். இதை இன்னும் யாரும் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பயணத்தின் இரண்டாம் பாதிக்கு இதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

யுங்ஃபிராவ் டிராவல் பாஸ்: இன்டர்லாகனைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகள் முழுக்க. வெங்கன், மூரன், கிரிண்டல்வால்ட், ஃபர்ஸ்ட், மென்லிஷன், ஷீனிகே பிளாட்டே, ஹார்டர் குல்ம், கிளைனே ஷைடெக், ஐகர்கிளெட்ஷர் வரை. அங்கிருந்து யுங்ஃபிராவ்யோக்குக்குக் கடைசித் துண்டு தனி டிக்கெட். மூன்று நாளிலிருந்து எட்டு நாள் வரை, தொடர்ச்சியாக. ஷில்ட்ஹார்ன் இதில் இல்லை, அது வேறு நிறுவனம்.

பெர்னர் ஓபர்லாந்து பாஸ்: இதைவிடப் பரந்தது. பேர்ன், லூசெர்ன் பக்கம் வரை ரயில், நீசன், பிரியன்ஸ் ரோட்ஹார்ன் நீராவி ரயில் எல்லாம் வரும். யுங்ஃபிராவ்யோக் இதிலும் முழுசாக அடங்காது.

டெல் பாஸ்: லூசெர்ன் ஏரிப் பகுதி. ரீகி, பிலாட்டுஸ், டிட்லிஸ், ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டோஸ் ஐந்தும், ஏரிக் கப்பலும். 2, 3, 4, 5, 10 நாள்.

வட்டாரப் பாஸ் லாபம் தர வேண்டுமானால் தினமும் ஒரு பெரிய மலை ஏற வேண்டும், சில நாள் இரண்டு. எட்டு வயதுப் பையனோடு அது நடக்குமா என்று உங்களுக்குத்தான் தெரியும். ஃபர்ஸ்டில் பிள்ளைகள் விளையாட்டுத் திடலையும் ஏரியையும் விட்டு நகர மாட்டார்கள், அன்றைக்கு வேறெதுவும் இல்லை. நான்கு நாளில் யுங்ஃபிராவ்யோக், ஃபர்ஸ்ட், மூரன் மூன்றுதான் என்றால் பாதிக் கட்டண அட்டையே போதும். மென்லிஷனில் ஏறி கிளைனே ஷைடெக் வரை நடப்பது, ஷீனிகே பிளாட்டே, மாலையில் ஹார்டர் குல்ம் என்று அடுக்கினால் யுங்ஃபிராவ் டிராவல் பாஸ் முந்தும். அதைக்கூடப் பாதிக் கட்டண அட்டை வைத்திருப்பவர்களுக்குக் குறைந்த விலையில் தருகிறார்கள். ஆகவே அந்த அட்டை வீணாவதில்லை, மேலே இன்னொன்றைச் சேர்ப்பதற்கும் அதுதான் அடித்தளம்.

10 மார்ச், ஆரேக்கரை (பேர்ன்)

ஹோட்டல் தாற அட்டையையும் கணக்கில எடுங்கோ. லூசெர்னில தங்கினால் விருந்தினர் அட்டையில நகர பஸ் இலவசம். பேர்னில தங்கினால் பேர்ன் டிக்கெட். டிச்சினோ மாகாணத்தில ஒரு இரவு தங்கினாலே, கூடாரம் அடிச்சுத் தங்கினாலும், டிச்சினோ டிக்கெட்டில மாகாணம் முழுக்க ரயிலும் பஸ்ஸும் இலவசம். எங்கடின் பக்கம் கோடையில சேர்ந்திருக்கிற ஹோட்டல்களில இரண்டு இரவோ அதுக்கு மேலயோ நிண்டால் மலை ரயில்களையே சேர்த்துக் குடுக்கினம். ஹோட்டல் பதிவு செய்யேக்கை கேளுங்கோ, பிறகு பாஸ் எடுங்கோ.

11 மார்ச், மலைநாட்டான்

தண்டவாளம் ஐயாவிடம் ஒரு கேள்வி. அப்படியானால் டிராவல் பாஸ் யாருக்கும் பயனில்லையா? நாங்கள் தினமும் ஊர் மாறும் திட்டம் வைத்திருக்கிறோம். லூசெர்ன், இன்டர்லாகன், மோன்ட்ரூ, செர்மாட், அங்கிருந்து கிளேசியர் எக்ஸ்பிரஸில் செயின்ட் மோரிட்ஸ், பெர்னினா வழியாக டிரானோ போய்த் திரும்பி, சூர் வழியே சூரிக்.

12 மார்ச், தண்டவாளம்

உங்களுக்குத்தான் டிராவல் பாஸ். சூரிக் – லூசெர்ன் 30, இன்டர்லாகன் 34, மோன்ட்ரூ 60, செர்மாட் 75, செயின்ட் மோரிட்ஸ் 159, டிரானோ 32, டிரானோ – சூர் 66, சூர் – சூரிக் விமான நிலையம் 46. ரயில் மட்டுமே 502. வழியில் ரீகி ஒன்றைச் சேர்த்தால் 622. பாதிக் கட்டண அட்டையோடு 311 + 150 = 461. டிராவல் பாஸ் 419. வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் தினமும் ஏறும் டிராம், லெமான் ஏரிக் கப்பல், மோன்ட்ரூ பக்கத்து ஷியோன் கோட்டை நுழைவு எல்லாம் சேரும்போது இடைவெளி விரியும். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் வாங்கும் வேலையும் இல்லை.

திட்டத்தில் நடுவே நகராமல் இருக்கும் நாட்கள் வந்தால் ஃபிளெக்ஸ் வகையைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் விரும்பிய நாட்களில் பயன்படுத்தலாம். விலை சற்றுக் கூடுதல். ஒவ்வொரு பயண நாளையும் ரயில் ஏறும் முன்பு இணையத்தில் செயல்படுத்த வேண்டும். ஏறிய பிறகு, டிக்கெட் பரிசோதகர் வரும்போது செய்தால் செல்லாது. பாஸ் நாள் நள்ளிரவில் தொடங்கி மறுநாள் காலை 5 மணி வரை செல்லும்.

பல ஐரோப்பிய நாடுகளுக்கான யூரெய்ல் பாஸோடு ஒப்பிடுகிறவர்களுக்கு: அங்கே 11 வயது வரைதான் பிள்ளை இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளை. 12 வயது முதல் இளையோர் விலை. பாரிஸ், மிலான் என்று நாடு தாண்டும்போது பொருந்தும். சுவிஸுக்குள்ளேயே நிற்கிற குடும்பத்துக்கு, அதுவும் 12 முதல் 15 வயதுப் பிள்ளை இருந்தால், பொருந்தாது.

14 மார்ச், தண்டவாளம்

மலைநாட்டான் கேட்டதிலிருந்து ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் இரண்டிலும் பாஸ் பயணக் கட்டணத்தை மட்டும் கொடுக்கும். இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிப் பணம், இருக்கையில் உட்காரும் பிள்ளைக்கும் சேர்த்து. நான்கு பேர் குடும்பத்துக்கு அந்தக் கட்டணமே ஒரு மலைக்குப் போய்வரும் அளவு ஆகிவிடும்.

அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின் மேல், சாதாரண வட்டார ரயில் ஓடுகிறது. முன்பதிவு வேண்டாம். செர்மாட்டிலிருந்து கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய எட்டு மணி நேரம், நினைத்த இடத்தில் இறங்க முடியாது, பரந்த கண்ணாடி திறக்காது. பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் நான் வட்டார ரயிலைத்தான் சொல்வேன். விஸ்ப் அல்லது பிரிக், ஆன்டர்மாட், டிசென்டிஸ் என்று மாறி மாறிப் போகலாம். ஆன்டர்மாட்டில் இறங்கிச் சாப்பிட்டு, ஓடி விளையாடவிட்டு, அடுத்த ரயிலில் 2,033 மீட்டர் ஓபரால்ப் கணவாயைத் தாண்டலாம். பெர்னினாவில் இது இன்னும் பொருந்தும். செயின்ட் மோரிட்ஸ் – டிரானோ வட்டார ரயிலில் சில பெட்டிகளின் சன்னல் இறங்கும், படம் எடுக்க அதுதான் நல்லது. 2,253 மீட்டர் ஓஸ்பிட்சியோ பெர்னினாவிலோ ஆல்ப் குரூமிலோ இறங்கி அடுத்ததைப் பிடிக்கலாம். டிரானோ இத்தாலி, ஆனாலும் டிராவல் பாஸ் அதுவரை செல்லும். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

லூசெர்ன் – இன்டர்லாகன் ரயிலுக்கு முன்பதிவு கட்டாயமில்லை. மோன்ட்ரூ – இன்டர்லாகன் கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸுக்கும் இல்லை, கோடையில் செய்துகொள்வது நல்லது.

20 மார்ச், தண்டவாளம்

வானிலை. ஆறாம் தேதி எழுதியதன் மிச்சம்.

யுங்ஃபிராவ்யோக் நிலையம் 3,454 மீட்டர். மேகம் மூடினால் 230 பிராங்குக்கு வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். அதனால் நான்கு நாளில் எந்த நாள் என்பதை முன்கூட்டியே பூட்டாதீர்கள். முந்தின இரவு மீட்டியோஸ்விஸ் வானிலைச் செயலி, காலை எழுந்ததும் மேலே உள்ள நேரடிக் கேமரா, இரண்டும் தெளிவாக இருந்தால் உடனே வாங்கி முதல் சில ரயில்களில் ஏறிவிடுங்கள். ஜூலையில் பிற்பகல் மேகம் திரள்வது வழக்கம். கோடையில் ஐகர்கிளெட்ஷருக்கு மேலே இருக்கை முன்பதிவு தேவைப்படும், டிக்கெட்டோடு அதையும் சேர்த்து எடுங்கள். பாதிக் கட்டண அட்டையின் பெரிய வசதியே இதுதான். விலை முன்பே வாங்கினாலும் அன்றைக்கே வாங்கினாலும் அதே பாதி.

மேகமான நாளுக்கு மூரன், டிரும்மெல்பாக் அருவி, ஏரிக் கப்பல். கீழே மழை பெய்தாலும் இவை வீணாகாது.

உயரம்: லாட்டர்புருன்னன் 796 மீட்டர். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 3,454. வேகமாக நடந்தால் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும், பிள்ளைகளுக்குத் தலைவலி வரும். ஐகர்கிளெட்ஷரில், 2,320 மீட்டரில், அரை மணி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மேலே போங்கள். சளி பிடித்த பிள்ளைக்கு ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் காது அடைக்கும், வாயில் மிட்டாய் ஒன்று போதும். கிரிண்டல்வால்டிலிருந்து அது 15 நிமிடத்தில் ஏற்றிவிடும். இறங்கும்போது கிளைனே ஷைடெக், வெங்கன் வழியாகப் பல்சக்கர ரயிலில் வாருங்கள். மெதுவான இறக்கம், பிள்ளைகள் தூங்கவும் தூங்கும். ஜூலையிலும் மேலே பனிதான், வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். குளிர்க் கண்ணாடி இல்லாமல் பிள்ளைகளைப் பனியில் விடாதீர்கள்.

2 ஏப்ரல், வைகைக்கரை

முடிவு: நானும் மனைவியும் பாதிக் கட்டண அட்டை, பிள்ளைகள் இருவருக்கும் ஃபேமிலி கார்டு, மருமகனுக்கு உடன்பயண அட்டை மனைவி பெயரில். அம்மா பிலாட்டுஸுக்கும் வருகிறார், அவருக்கும் பாதிக் கட்டண அட்டை. பிலாட்டுஸ் சுற்றை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது? ரயில் மாறும் இடங்களில் கவனிக்க வேண்டியது?

2 ஏப்ரல், தண்டவாளம்

அம்மாவுக்கு இப்போது கணக்கு 437, பாதி 218.50, அட்டையோடு 368.50. நல்ல முடிவு.

பிலாட்டுஸை லூசெர்ன் படகுத்துறையிலிருந்து தொடங்குங்கள். கப்பலில் ஆல்ப்னாக்ஷ்டாட், அங்கிருந்து பல்சக்கர ரயில். 1889இல் திறந்தது, 48 சதவீதச் சரிவு, உலகிலேயே செங்குத்தான பல்சக்கர ரயில். அம்மாவுக்கு ஏறும்போது கீழ்ப்பக்கம் பார்க்கும் இருக்கை வேண்டாம். இறங்குவது கேபிள் காரில் கிரீன்ஸ், பிறகு 1ஆம் எண் பஸ்ஸில் லூசெர்ன். கப்பல் குறைவாகத்தான் ஓடும், அதனால் அதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பஸ் அடிக்கடி வரும்.

லூசெர்னிலிருந்து இன்டர்லாகன் போகும் ரயிலில் வலப்பக்கம் உட்காருங்கள். சார்னன் ஏரி, லுங்கெர்ன் ஏரி இரண்டும் அந்தப் பக்கம். மைரிங்கனில் ரயில் திசை மாறும். பிள்ளைகள் இடம் மாறத் துடிப்பார்கள், விடாதீர்கள். திசை மாறிய பிறகு பிரியன்ஸ் ஏரியும் நீங்கள் இருக்கும் பக்கத்துக்கே வரும்.

சூரிக், பேர்ன் போன்ற நீண்ட தடங்களில் இரட்டை மாடி ரயிலில் குடும்பப் பெட்டி இருக்கும், மேல் மாடியில் சறுக்குமரத்தோடு விளையாட்டு இடம். பெட்டி எங்கே நிற்கும் என்று நடைமேடைத் திரையில் ஏ, பி, சி, டி பிரிவாகக் காட்டுவார்கள். முன்பே அங்கே போய் நில்லுங்கள்.

3 ஏப்ரல், ஆரேக்கரை (பேர்ன்)

ஒண்டு விட்டுப்போச்சுது. இன்டர்லாகன் ஓஸ்ட் ஸ்டேசனில லாட்டர்புருன்னன் ரயிலும் கிரிண்டல்வால்ட் ரயிலும் ஒரே ரயிலாத்தான் நிக்கும். ஸ்வைலூட்ஷினனில இரண்டாப் பிரியும். பெட்டிக்கு வெளியில எழுதியிருக்கிற ஊர்ப் பெயரைப் பாத்து ஏறுங்கோ. ஒரு பெட்டியில அம்மம்மாவும் பெட்டியளும், மற்றதில பிள்ளையளும் எண்டு ஏறினால் ஆளுக்கொரு பள்ளத்தாக்கில நிப்பியள். தவறி ஏறினாலும் பயப்பிடத் தேவையில்லை, ஸ்வைலூட்ஷினனில நிக்கேக்கை இறங்கிச் சரியான பெட்டிக்கு ஓடலாம், ஆனால் நேரம் மிகக் குறைவு.

3 ஏப்ரல், தண்டவாளம்

ஆமாம். ஏறும் முன்பு எல்லாரையும் ஒரே கதவருகே நிறுத்திவிடுங்கள். அட்டைகளின் பிடிஎஃப் கோப்பை இரண்டு தொலைபேசியில் வையுங்கள். மனைவியின் பெயரில் உள்ளதும் மருமகனின் அட்டையும் மனைவியின் கையிலேயே இருக்கட்டும். கடவுச்சீட்டும் உடன் வேண்டும், பரிசோதகர் பெயரை ஒத்துப் பார்ப்பார்.